ஒரு மூச்சு தூரம்

அத்தியாயம் 14

செருப்பு ஸ்டாண்டில் ஒற்றை ஷூ கிடந்தது.

வலது கால் ஷூ. வேன்காரம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கணவனுடையதுதான். அவன் கடல் தாண்டிப் போன நாளிலிருந்து அந்த ஜோடியை யாரும் போடுவதில்லை. அவ்வப்போது தூசி தட்டி வைப்பாள், அவ்வளவுதான். இப்போது இடது கால் ஷூவைக் காணவில்லை. ஸ்டாண்டுக்குப் பின்னால் இல்லை. மாடிப்படிக்குக் கீழே இல்லை. தண்ணீர் மோட்டார் பக்கமும் இல்லை.

"மாமா, இதோட ஜோடியைப் பார்த்தீங்களா?"

மாமனார் கண்ணாடி முன்னால் நின்று ஒரு காகிதத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். திரும்பவில்லை. "நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்மா."

"நம்ம தெருவுல ஏது நாய்?"

"அப்ப பூனை."

"உங்க பிள்ளை ஷூவை ஒரு பூனை தூக்கணும்னா, அது பூனையா இருக்காது, புலியாத்தான் இருக்கும்."

"சரி, புலின்னு வச்சுக்கோ. இப்பதான் ரெண்டாவது பாரா மனசுல நின்னுச்சு. உன்னால ஓடிப்போச்சு."

அந்த இரண்டாவது பாரா எங்கிருந்து வந்தது என்பதை, சென்ற வாரம் விட்டுப்போனவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை மைதானத்தில் பாராட்டு விழா. வெளிநாட்டுச் சண்டைக்குப் போயிருக்கும் வீரர்களின் குடும்பங்களை மேடையேற்றி மாலை போடப் போகிறார்கள். சண்டை என்று சொல்லக் கூடாது; அமைதிப் பணி. குடும்பங்களின் சார்பில் பேசுவதற்கு மாமனாரைத் தேர்ந்தெடுத்து, நலத்துறை அதிகாரி ஒரு பழக்கூடையும், நெஞ்சில் குறுக்காகப் போட்டுக்கொள்ள ஒரு வண்ணப் பட்டையும், பேச வேண்டிய பேச்சையும் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகும் அவருடைய வாசனைத் திரவியம் வெகுநேரம் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. வேன்காரம்மா அவருக்கு 'சென்ட் பாட்டில்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

இரண்டாவது பாரா இதுதான்: 'என் மகன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அரசாங்கம் அவனைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கிறது.'

அமைச்சர் தொலைக்காட்சியில் தினமும் சொல்வதும் அதேதான். போன நம் பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. கேட்டுக் கேட்டு ஊருக்கே அது பாட்டு மாதிரி ஆகிவிட்டது. வேன்காரம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். அவள் ஓட்டுவது பள்ளி வேன். முப்பது பிள்ளைகளை ஏற்றி இறக்கினாலே வாரத்துக்கு இரண்டு முட்டியாவது தேய்கிறது. துப்பாக்கியோடு போன இத்தனை பேரில் ஒருத்தனுக்கும் முட்டி தேயவில்லையா?

சென்ற வாரம் இன்னொன்றும் நடந்தது. அவளுடைய நாத்தனார் குட்டி ஒரு துணிப்பையோடு வேனில் ஏறி, ஏரிக்கரைத் திருப்பத்தில் இறங்கிக்கொண்டாள். தோழி வீட்டுக்குப் போகிறாளாம். அந்தப் பக்கம் வீடே கிடையாது. அரசாங்கத்தின் பழைய ஓய்வு விடுதி ஒன்று இருக்கிறது. அதற்கும் இப்போது புதிதாக உயரமான மதில்.

பையில் என்ன என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது ஒற்றை ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"குட்டி எங்கே மாமா?"

"ஆபீஸுக்குப் போயிட்டா. இன்னைக்கு சீக்கிரம் வந்துடுவா. பெரியவன் போன் இன்னைக்குத்தானே."

"போன் ஞாயித்துக்கிழமைதானே வரும்?"

"இந்த வாரம் மாத்திட்டாங்களாம். போட்டோ எடுக்க ஆள் வராங்க. நாம பேசறதைப் படம் பிடிச்சு மேடையில காட்டப் போறாங்களாம். நீ அந்த நல்ல புடவையைக் கட்டிக்கோ. வேன் ஓட்டற சட்டையோட வந்து உட்காராதே."

வேன்காரம்மா ஷூவை ஸ்டாண்டில் வைத்தாள். ஜோடியில்லாமல் அது சுவரில் சாய்ந்துகொண்டது.

*

தெருமுனையில் கணவனின் பேனர். நலத்துறை வைத்தது. கன்னத்தில் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு ஒன்று உண்டு. அதைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். நிறத்தையும் இரண்டு படி ஏற்றிவிட்டார்கள். முதல் நாள் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. படத்தில்கூட இவனுக்கு ஒரு கீறல் இருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, அங்கிள் பேனர்!" பிள்ளைகள் ஜன்னல் வழியே காகிதக் கொடிகளை ஆட்டின. பள்ளியில் கொடுத்தவை.

"கையை உள்ளே வை. கொடிக்கு ஒண்ணும் ஆகாது, கைதான் போகும்."

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின்சக்கரம் பஞ்சர். டயர் கடைக்காரன் ஓடி வந்தான். போன வருடம் இதே ஆள்தான் நல்லாயிருந்த டயரைத் தட்டிப் பார்த்து, செத்துப்போச்சு என்று சொல்லிப் புதிது மாட்ட வைத்தவன். இப்போது பணத்தை நீட்டினால் காதைப் பொத்திக்கொள்கிறான்.

"உங்ககிட்ட காசு வாங்கினா என் கை அழுகிடும்க்கா. மச்சான் அங்க நமக்காக நிக்கறார்."

"எங்க நிக்கறார்?"

"அங்கதான். அந்தப் பாலைவனத்துல."

"அது மலைப்பா."

"மலையா? சரி, மலை. அப்ப இன்னும் உயரத்துல நிக்கறார்!"

அவனைக் கோபித்துப் பயனில்லை. உண்மையான மரியாதைதான். எதற்கு என்றுதான் அவனுக்குத் தெரியாது. வேன்காரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து அவன் வேலை செய்வதைப் பார்த்தாள். சுவரோரம் நான்கு பெரிய டயர்கள் புதிதாக அடுக்கப்பட்டிருந்தன.

"இது எந்த வண்டிக்கு? லாரிக்கா?"

"ஆம்புலன்ஸுக்கு. ஏரிக்கரை விடுதியில புதுசா நிறைய வண்டி வந்திருக்கு. டயர் வேலை மொத்தமும் நம்மகிட்டதான்." குரலைத் தணித்தான். "ஓய்வு விடுதிக்கு எதுக்குங்க ஆம்புலன்ஸுன்னு கேட்டேன். தேசப் பணி, வெளியில பேசக் கூடாதுன்னுட்டாங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விடலை. உங்ககிட்ட சொன்னா தப்பில்ல, நீங்க நம்மாளு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். ஏங்க்கா?"

"ஒண்ணுமில்லை. சக்கரத்தை மாட்டு."

*

அவள் வீட்டுக்குத் திரும்பியபோது கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. புகைப்படக்காரன் விளக்குக் கம்பம் நட்டிருந்தான். சென்ட் பாட்டில் சோபாவை இழுத்துப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் பட்டையை மாட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நாத்தனார் ஜன்னலோரம், நகத்தைக் கடித்தபடி.

நாத்தனாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் போன பிறகு, வீரர் குடும்பம் என்ற சலுகையில், நலத்துறையிலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. முன்பெல்லாம் வாய் ஓயாது. வேலையில் சேர்ந்த பிறகு ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். இரண்டு மாதமாக வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை.

"குட்டி, உங்கண்ணன் இடது கால் ஷூவைப் பார்த்தியா?"

கேட்டது சாதாரணமாகத்தான். நாத்தனாரின் பல் நகத்திலேயே நின்றுவிட்டது.

"நான் பார்க்கலை அண்ணி."

"மேடம், ப்ளீஸ்," என்றார் சென்ட் பாட்டில். "இன்னும் கொஞ்ச நேரத்துல கால் வந்துடும். எல்லாரும் சிரிச்ச முகமா இருங்க."

போன், ஒரு எவர்சில்வர் பாத்திரத்துக்குள் இருந்தது. பஸ் டிப்போவில் காலமெல்லாம் என்ஜின் சத்தத்தில் வேலை பார்த்த மாமனாருக்குக் காது மந்தம். பாத்திரத்தில் வைத்தால் சத்தம் கூடும் என்று அவரே கண்டுபிடித்தது. பக்கத்தில் ஒரு மரக்கரண்டி.

"இந்தக் கரண்டி எதுக்கு சார்?" என்றான் புகைப்படக்காரன்.

"அது எங்க வீட்டுச் சட்டம்," என்றார் மாமனார் பெருமையாக. "அவ்வளவு தூரத்துலேருந்து பேச்சு வர லேட்டாகும். ஆரம்பத்துல நாங்க பேச, அவன் பேச, எல்லாம் மோதி ஒரே களேபரம். அப்புறம் நான் ஒழுங்கு பண்ணினேன். கரண்டி யார் கையில இருக்கோ அவங்கதான் பேசணும். பேசி முடிச்சதும் ஒரு மூச்சு நல்லா உள்ளே இழுத்து, வெளியே விடணும். அதுக்குள்ள பதில் வந்துடும். பெரியவனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

"படத்துல கரண்டி வேண்டாமே சார்."

"கரண்டி இல்லேன்னா பேச்சு இல்லை."

போன் அடித்தது.

"அப்பா? நல்லா இருக்கீங்களா?"

மாமனார் கரண்டியை நிமிர்த்திப் பிடித்தார். "நல்லா இருக்கேன்டா. சாப்பிட்டியா?" கேட்டுவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

அவர் முதுகு நாற்காலியைத் தொடவில்லை. "சாப்பிட்டேன்ப்பா," என்று பதில் வந்துவிட்டது.

மாமனார் பாதி மூச்சில் நின்றார். பிறகு முகம் மலர்ந்தது. "அட, இன்னைக்கு லைன் பிரமாதமா இருக்கே! பக்கத்துத் தெருவிலேருந்து பேசற மாதிரி!"

சென்ட் பாட்டில் சட்டென்று குனிந்து, பாத்திரத்தைப் பார்த்தே பேசினார். "படம் பிடிக்கறதுக்காகப் புது ஏற்பாடு சார். ஆனா அவ்வளவு தூரத்துலேருந்து பேசறதில்லையா? கொஞ்சம் தாமதம் இருக்கத்தான் செய்யும்."

இந்தப் பேச்சு யாருக்கு? வேன்காரம்மா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

கரண்டி வேன்காரம்மாவின் கைக்கு வந்தது. "மலையில குளிர் எப்படி இருக்கு?"

அமைதி. பாத்திரத்துக்குள் ஏதோ லேசாகக் காற்று உரசுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம், "குளிர்தான். பழகிடுச்சு."

"உன் ஷூ ஒண்ணு காணாமப் போச்சு."

அமைதி. காற்று. "எந்த ஷூ?"

"இடது கால் ஷூ."

இந்த முறை அமைதி நீண்டது. புகைப்படக்காரன் நல்ல கோணம் தேடிப் பின்னால் நகர்ந்தான். அவன் கால் ஒயரில் மாட்டியது. விளக்குக் கம்பம் அப்படியே சாய்ந்து, தரையில் படாரென்று விழுந்து, பல்பு வெடித்தது.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பாத்திரம் அலறியது.

"படுங்க! கீழ படு! எல்லாரும் கீழ படுங்க! அப்பாவைப் பிடி!"

அது பேனரில் இருந்தவனின் குரல் இல்லை. அவளுக்குத் தெரிந்த கணவனின் குரலும் இல்லை. இவர்கள் யாரும் பேசவேயில்லை, அது நிற்காமல் கத்திக்கொண்டிருந்தது. பின்னால் வேறு யாரோ, "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை, பிடிச்சுக்கோங்க," என்று சொல்வது கேட்டது. ஒரு பெண் குரல்.

சென்ட் பாட்டில் பாத்திரத்துக்குள் கையை விட்டுப் போனை அணைத்தார்.

"அங்க ஏதோ பயிற்சி நடக்குது போல," என்றார். நெற்றி வேர்த்திருந்தது. "முதல் பாதியே போதும். நல்லா வந்திருக்கு."

"சார், பல்புக்கு யார் பொறுப்பு?" என்றான் புகைப்படக்காரன்.

மாமனார் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

*

அவர்கள் போன பிறகு வேன்காரம்மா சமையலறைக் கதவைச் சாத்தினாள். நாத்தனார் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏரிக்கரை விடுதியிலதானே இருக்கான்?"

தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு மாசமா தெரிஞ்சு வச்சிருக்கே. ஒரே வீட்டுல, ஒரே சட்டியில சாப்பிட்டுக்கிட்டு."

"கத்தாதீங்க அண்ணி. அப்பா காதுல விழுந்துடும்."

"அவருக்குத்தான் காதே கேட்காதே. சொல்லு. ஏன் ஒரு ஷூ மட்டும் எடுத்துட்டுப் போனே?"

நாத்தனார் குழாயை மூடினாள். "ஒண்ணு போதும்னான்," என்றாள்.

வேன்காரம்மா சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அதுவும் யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

"வெள்ளிக்கிழமை முடியட்டும் அண்ணி. விழா முடிஞ்சதும் ஒவ்வொருத்தரா வீட்டுக்கு அனுப்புவாங்க. அப்பத்தான் அடிபட்ட மாதிரி காட்டுவாங்க. அதுவரைக்கும் யாரும் திரும்பி வரலை. கணக்குப்படி அண்ணன் இன்னும் மலையிலதான் இருக்கான்."

"அதை ஊருக்குச் சொன்னா?"

"சொன்ன வீட்டு ஆளுக்கு, அவனே தனக்குப் பண்ணிக்கிட்ட காயம்னு எழுதிடுவாங்க. அப்புறம் வைத்தியம் கிடையாது, செயற்கைக் கால் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒருத்தனுக்கு அப்படி எழுதிட்டாங்க. நான்தான் டைப் அடிச்சேன்." கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அண்ணனே சொன்னான், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்னு."

"அவனா சொன்னானா, சொல்ல வச்சாங்களா?"

"எனக்குத் தெரியலை. நான் போகும்போதெல்லாம் பக்கத்துல ஒருத்தர் நிப்பார்."

"யாரு?"

நாத்தனார் குழாயைத் திறந்தாள். மறுபடி தட்டை எடுத்தாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை வராது என்று வேன்காரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இவள் பாதிதான் சொல்கிறாள். எந்தப் பாதி என்பதுதான் தெரியவில்லை. அழுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் இரண்டு மாதம் ஒன்றும் தெரியாத மாதிரியும் இருந்தவள்தானே?

*

மாலை டிரிப்புக்குப் பிறகு வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கிவிட்டது. மாமனார் வந்து பக்கத்தில் நின்றார். பட்டையை இன்னும் கழற்றவில்லை. கையில் மரக்கரண்டி.

"டீசல் இருக்காம்மா?"

"இருக்கு மாமா. ஏன்?"

"ஏரிக்கரை வரைக்கும் போய்ட்டு வரப் போதுமா?"

அவள் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீங்க பேசினது எனக்குக் கேட்கலை," என்றார். "என் காது லட்சணம்தான் உனக்குத் தெரியுமே. ஆனா பாத்திரத்துல வச்சா எனக்கு நல்லாவே கேட்கும். லைன் லேட்டானா என்ன ஆகும்? பேச்சு லேட்டா வரும். அவ்வளவுதான். நடுவுல ஒண்ணும் கேட்காது. இன்னைக்கு அவன் பதில் சொல்றதுக்கு முன்னால மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விட்டான். ஒவ்வொரு தடவையும். நான் சொல்லிக் கொடுத்த மூச்சு."

வேன்காரம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது, பாத்திரத்துக்குள் உரசிய காற்று எது என்று. தூரத்தை நடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்குத் தெரிந்த தூரம் அப்பாவின் மூச்சுதான்.

"மாமா, நாம போனா பிரச்சினையாகும். அவனுக்கு வைத்தியம்..."

"ஊருக்கா சொல்லப் போறேன்? பிள்ளையைப் பார்க்கப் போறேன்." பட்டையை ஒரு இழு இழுத்துச் சரிசெய்துகொண்டார். "இதைப் போட்டுக்கிட்டு வந்தா வாசல்ல நிக்கறவன் சல்யூட் அடிப்பானா, துரத்துவானான்னு பார்ப்போம். என் மகனுக்கு ஒரு கீறல்கூட இல்லைன்னு மேடையில சொல்லணும்னா, முதல்ல நான் அவனைத் தடவிப் பார்க்கணும். பார்க்காம எப்படிச் சொல்றது?"

வேன்காரம்மா துணியைப் பிழிந்து பக்கெட்டில் போட்டாள். சாவியை எடுத்தாள். அவன் ஒற்றை ஷூ கேட்டதை இவரிடம் எப்படிச் சொல்வது? போகிற வழியில் சொல்லலாமா? வாசலில் நின்று சொல்லலாமா?

"அந்த இன்னொரு ஷூவையும் எடுத்துட்டு வா," என்றார் மாமனார்.

"அது எதுக்கு மாமா?"

"நாய் இல்லைன்னு எனக்கும் தெரியும்மா." அவர் அவளைப் பார்க்காமல் வேனின் கதவைத் திறந்தார். "வேணுமா வேண்டாமான்னு அவனே என்கிட்ட சொல்லட்டும்."

ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். வேன் தெருமுனையை நெருங்கியது. தழும்பில்லாத கணவன் பேனரிலிருந்து சிரித்தான். திரும்புவதற்காக அவள் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள்.

வீட்டு வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள். காதில் போன். கண் வேனின் மேலேயே இருந்தது.

யாரிடம் பேசுகிறாள்? அண்ணனிடமா, சென்ட் பாட்டிலிடமா, அல்லது அவள் பெயர் சொல்லாத அந்த ஆளிடமா? கண்ணாடியில் உதடுகள்தான் தெரிந்தன. அவை அசைந்தன, நின்றன, உடனே மறுபடி அசைந்தன.

நடுவில் ஒரு மூச்சுகூட இல்லை.